கையடக்கப் பாட்டுப் பெட்டி: நிறையும் குறையும்

மளிகை வியாபாரிகளின் இதழில் பாட்டுப் பெட்டியைப் பற்றி எதற்குக் கட்டுரை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் நம் கடைகளின் முகப்பை ஒருமுறை பார்த்தால் பதில் கிடைத்துவிடும். ஷாம்புச் சரம் தொங்கும் அதே கம்பியில் இன்று இயர்போன், சார்ஜர் ஒயர், கையளவு ஸ்பீக்கர் ஆகியவையும் தொங்குகின்றன. அரிசி, பருப்பில் கிடைக்கும் லாபம் மிகவும் மெலிந்துவிட்ட காலத்தில், இந்தச் சில்லறைச் சரக்குகள் கல்லாவுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுக்கின்றன என்பதை மறுக்க முடியாது.

துவரம் பருப்பை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தாலே அது புதுச் சரக்கா, பழைய சரக்கா, வண்டு விழுமா, விழாதா என்று சொல்லிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. மின்னணுச் சரக்கை அப்படிப் பார்க்கத்தான் நாம் பழகவில்லை. அதைப் பழகிக்கொள்ள ஒரு நல்ல உதாரணத்தை எடுத்துக்கொண்டு நிறைகுறைகளை எடை போடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் விற்ற ஐபாட் என்னும் கையடக்கப் பாட்டுப் பெட்டி. 2001 அக்டோபர் 23 அன்று அறிமுகமான இப்பொருளின் கடைசி வகையை 2022 மே மாதத்தில் நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. இருபது ஆண்டுக் கணக்கு முடிந்து கட்டிவைத்த பேரேடு இது. ஆகவே வரவையும் பற்றையும் முழுமையாகப் பார்க்க முடிகிறது.

முன்னால் வந்தவை

ஐபாட் இவ்வகையில் முதல் பொருள் அல்ல. 1998-லேயே கொரியாவிலிருந்து எம்பிமேன் என்ற பெட்டி வந்தது. எம்பி3 என்பது பாட்டைச் சுருக்கி வைக்கும் முறை. நெல்லில் உமியை நீக்கி அரிசியை மட்டும் மூட்டை கட்டுவதுபோல, காதுக்கு எளிதில் தெரியாத ஒலிப்பகுதிகளை நீக்கிவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்வார்கள். சி.டி.யில் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் வேண்டும். சுருக்கிய பாட்டுக்குச் சுமார் 1 மெகாபைட் போதும். அப்படியும் எம்பிமேன் பெட்டியில் இருந்தது 32 மெகாபைட் இடம்தான். அதாவது அரைமணி நேரப் பாட்டு.

2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் நோமாட் ஜூக்பாக்ஸ் என்ற பெட்டியை விற்றது. அதில் 6 கிகாபைட் இடம் இருந்தது. ஆனால் அது சி.டி. பிளேயர் அளவுக்குப் பெரியது. கணினியிலிருந்து பாட்டை ஏற்றவும் நெடுநேரம் பிடித்தது. சிறியதில் இடம் இல்லை, இடம் உள்ளது சிறியதாக இல்லை என்பதே அன்றைய சந்தை நிலவரம்.

நிறைகள்

இந்த இடைவெளியில்தான் ஐபாட் நுழைந்தது. தோஷிபா நிறுவனம் செய்த 1.8 அங்குல ஹார்டு டிஸ்க்கைப் பொருத்தி, 5 கிகாபைட் இடத்தைச் சீட்டுக்கட்டு அளவுள்ள பெட்டிக்குள் அடக்கினார்கள். எடை சுமார் 185 கிராம். "ஆயிரம் பாட்டு உங்கள் சட்டைப் பையில்" என்பதே அதன் விளம்பரச் செய்தி. எத்தனை கிகாபைட் என்று சொல்லியிருந்தால் வாங்குவோருக்கு விளங்கியிராது. ஆயிரம் பாட்டு என்றதும் எல்லோருக்கும் விளங்கியது. பொருளின் தன்மையை வாங்குபவரின் அளவையில் சொல்லத் தெரிந்தது முதல் நிறை.

இரண்டாவது நிறை, பயன்படுத்துவதில் எளிமை. ஆயிரம் பாட்டு இருந்தால் வேண்டிய பாட்டைத் தேடுவது எப்படி? முகப்பில் ஒரு வட்டச் சக்கரம் வைத்தார்கள். விரலால் சுற்றினால் பாட்டு வரிசை ஓடும். நடுவில் அழுத்தினால் பாடும். படிப்பறிவு குறைந்தவரும் ஐந்து நிமிடத்தில் பழகிக்கொள்ளக்கூடிய அமைப்பு அது.

மூன்றாவது, பாட்டு ஏற்றும் வேகம். வேகமான ஃபயர்வயர் இணைப்பைப் பயன்படுத்தியதால், ஒரு முழு சி.டி.யின் பாடல்களைப் பத்து வினாடியில் ஏற்றலாம் என்று நிறுவனம் விளம்பரப்படுத்தியது.

நான்காவது நிறைதான் வியாபாரிகளான நம் கவனத்துக்குரியது. 2003 ஏப்ரல் 28 அன்று ஐடியூன்ஸ் என்ற பாட்டுக் கடையைக் கணினி வழியாகத் திறந்தார்கள். இரண்டு லட்சம் பாடல்கள். பாட்டு ஒன்றுக்கு 99 சென்ட். முழு சி.டி. வாங்க வேண்டியதில்லை, பிடித்த ஒரு பாட்டை மட்டும் வாங்கலாம். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாடல்கள் விற்றன. மூட்டையாக மட்டுமே கிடைத்த சரக்கைச் சில்லறையாகப் பிரித்து விற்ற கதைதான் இது. ஒரு ரூபாய் பாக்கெட்டில் ஷாம்பு விற்றவர்களுக்கு இதன் பலம் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இத்தனையும் சேர்ந்து, 2008-ஆம் நிதியாண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 5 கோடியே 48 லட்சம் ஐபாட்கள் விற்றன. அதுவே அதன் உச்சம்.

குறைகள்

முதல் குறை விலை. அறிமுக விலை 399 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 19,000 ரூபாய். அதோடு, முதலில் அது ஆப்பிள் நிறுவனத்தின் சொந்தக் கணினியோடு மட்டுமே இணைந்து வேலை செய்தது. பெரும்பான்மையோர் வைத்திருந்த விண்டோஸ் கணினிக்கான வகை 2002-இல்தான் வந்தது.

இரண்டாவது குறை பேட்டரி. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. சில நூறு முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகு அதன் கொள்ளளவு குறையத் தொடங்கும். இது அந்தப் பேட்டரியின் இயல்பு. யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் டார்ச் லைட்டில் செல் மாற்றுவதுபோல ஐபாட்டில் மாற்ற முடியாது. பெட்டியைத் திறக்கத் திருகாணிகூட வெளியில் கிடையாது. 2003-ஆம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த இரு சகோதரர்கள், பேட்டரி போனால் புதுப் பெட்டி வாங்கச் சொல்கிறார்கள் என்று ஒரு குறும்படமே எடுத்துப் பரப்பினார்கள். அதே காலத்தில் நிறுவனம் 99 டாலருக்குப் பேட்டரி மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தது. வழக்கும் நடந்தது. 2005-இல் ஏற்பட்ட சமரசத்தின்படி, முதல் மூன்று தலைமுறை ஐபாட் வாங்கிப் பேட்டரியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 50 டாலர் மதிப்புள்ள கூப்பன் போன்ற நிவாரணம் கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டி அத்தனை மெலிதாக, வழவழப்பாக இருந்ததற்குக் காரணம் அது இறுக மூடப்பட்டிருந்ததே. பேட்டரியை மாற்ற முடியாமல் போனதற்கும் அதுவே காரணம். கடையில் வாங்கும்போது கண்ணைக் கவர்ந்த நிறையும், இரண்டாம் வருஷம் கையைச் சுட்ட குறையும் ஒரே இடத்தில் பிறந்தவை.

மூன்றாவது குறையும் அப்படியே. ஐடியூன்ஸ் கடையில் வாங்கிய பாடல்களுக்கு ஒரு பூட்டுப் போட்டிருந்தார்கள். அந்தப் பாடல்கள் அந்நிறுவனத்தின் பெட்டியில் மட்டுமே பாடும்; வேறு நிறுவனத்தின் பெட்டியில் பாடா. நூறு டாலருக்குப் பாட்டு வாங்கியவர், அடுத்த முறையும் அதே நிறுவனத்தின் பெட்டியைத்தான் வாங்கியாக வேண்டும். பெட்டியும் பாட்டும் ஒரே கையில் இருந்ததால் வந்த எளிமைக்கு வாடிக்கையாளர் கொடுத்த விலை இது. 2009-ஆம் ஆண்டில்தான் பாடல்களுக்கு இருந்த அந்தப் பூட்டை முழுவதுமாக எடுத்தார்கள்.

நான்காவது குறை கடைக்காரரைச் சேர்ந்தது. 2004-இல் வந்த ஐபாட் மினி நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. 2005 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டு, இன்னும் மெலிதான நானோவைக் கொண்டுவந்தார்கள். செய்பவருக்கு அது கெட்டிக்காரத்தனம். மினியை இருப்பு வைத்திருந்த கடைக்காரருக்கோ ஒரே நாளில் பழைய சரக்கு. இணைப்புச் சொருகியிலும் இதே கதைதான். 2003-இல் 30 முனைகள் கொண்ட சொருகி வந்தது. அதற்கேற்ற ஸ்பீக்கரும் சார்ஜரும் உலகமெங்கும் கடைகளில் குவிந்தன. 2012-இல் சொருகியே மாறியது. தேங்கி நின்ற ஸ்பீக்கர்களை அப்படியே பொருத்த வழியில்லாமல், தனியாக அடாப்டர் வாங்க வேண்டியதாயிற்று.

ஐந்தாவது, பாதுகாப்பு. 2005 செப்டம்பர் முதல் 2006 டிசம்பர் வரை விற்ற முதல் நானோ பெட்டிகளில் சிலவற்றின் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகும் ஆபத்து இருப்பதாகச் சொல்லி, 2011 நவம்பரில் நிறுவனமே உலகெங்கும் அவற்றைத் திரும்பப் பெற்று மாற்றிக் கொடுத்தது. பெரிய நிறுவனத்தின் சரக்கிலும் இப்படி நேரும் என்பது ஒரு பாடம். திரும்பப் பெற்றுக்கொள்ள ஒரு நிறுவனம் பின்னால் இருந்தது என்பது அதைவிடப் பெரிய பாடம்.

போட்டிச் சரக்கு ஏன் தோற்றது?

2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் சூன் என்ற போட்டிப் பெட்டியை இறக்கியது. 30 கிகாபைட் இடத்தோடு, ஐபாட்டைவிடப் பெரிய திரை, எஃப்.எம். ரேடியோ ஆகியவையும் அதில் இருந்தன. ஒருவர் பெட்டியிலிருந்து மற்றவர் பெட்டிக்கு ஒயர் இல்லாமல் பாட்டு அனுப்பவும் முடியும். ஆனால் பெற்றவர் அதை மூன்று முறையோ மூன்று நாளோதான் கேட்கலாம். அதே நிறுவனத்தின் பழைய முறையில் பூட்டிய பாடல்களை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அவை சூன் பெட்டியில் பாடவில்லை. 2008 டிசம்பர் 31 அன்று, லீப் வருஷத்தின் 366-ஆவது நாளை அதன் கடிகாரக் கணக்கு கையாளத் தவறியதால், 30 கிகாபைட் பெட்டிகள் ஏராளமாக உறைந்து நின்றன. 2011-இல் அப்பெட்டியின் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வசதிகளின் பட்டியல் நீளமாக இருந்தால் மட்டும் சரக்கு நின்றுவிடாது என்பதற்கு இது சான்று.

ஐபாட்டையும் கடைசியில் வீழ்த்தியது வெளியாள் அல்ல. 2007-இல் அதே நிறுவனம் கொண்டுவந்த ஐபோனுக்குள் பாட்டுப் பெட்டியும் அடங்கிவிட்டது. தனிப் பெட்டிக்குத் தேவை மெல்ல மெல்லக் குறைந்தது.

நம் ஊர்த் தராசில்

நம் நாட்டில் ஐபாட் பரவலாக விற்காததற்கு விலை மட்டும் காரணம் அல்ல. 2003-இல் தொடங்கிய ஐடியூன்ஸ் பாட்டுக் கடை இந்தியாவுக்கு வந்தது 2012 டிசம்பரில். அதற்குள் நம் ஊர்களில் மெமரி கார்டு வந்து, செல்போன் கடைகளில் கார்டு நிறையப் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. வாடிக்கையாளர் சுலபமான வழியைத் தேடினார். முறையான வழி ஒன்பது ஆண்டு தாமதமாக வந்தது. வழக்கமாகிவிட்டாலும் அனுமதியின்றிப் பாட்டு ஏற்றி விற்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமே. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அச்சட்டத்தில் உண்டு. பாட்டு நிரப்பிய பென் டிரைவ், மெமரி கார்டு என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால், நம் அன்பர்கள் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

2017-இல் சரிகம நிறுவனம் கேரவான் என்ற பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தது. முந்தைய தலைமுறை எச்.எம்.வி. என்று அறிந்திருந்த அதே நிறுவனம்தான். முதலில் இந்திப் பாடல்கள், பின்னர் தமிழ் உள்ளிட்ட மொழிகள். ஐயாயிரம் பழைய பாடல்களைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, பழைய ரேடியோவின் தோற்றத்தில் விற்றார்கள். கணினி வேண்டாம், இணையம் வேண்டாம், பொத்தானைத் திருகினால் பாடும். வயதானவர்களுக்கு அது பெரிய நிறை. உள்ளே இருப்பவை அந்நிறுவனத்தின் உரிமையில் உள்ள பாடல்கள் மட்டுமே என்பதும், வேறு பாட்டு வேண்டுமானால் பென் டிரைவ் போன்றவற்றைத் தனியாக இணைக்க வேண்டும் என்பதும் குறை. இளைஞருக்குக் குறையாகத் தோன்றுவது பாட்டிக்கு நிறையாக இருக்கிறது. ஆகவே யாருக்கு விற்கிறோம் என்று தெரியாமல் நிறைகுறை பேசிப் பயனில்லை.

சட்டம் நம்மிடம் என்ன கேட்கிறது?

"கம்பெனிக்காரன் செய்தான், நாம் விற்றோம், நமக்கென்ன?" என்று இன்று சொல்ல முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கெட்ட பொருளால் வாங்கியவருக்குத் தீங்கு நேர்ந்தால், தயாரித்தவர் யாரென்றே தெரியாத நிலையில் விற்ற கடைக்காரரே அதற்குப் பொறுப்பாளி ஆவார். தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தைக் கடைக்காரர் தாமாகக் கொடுத்தாலும், தயாரிப்பாளரின் எச்சரிக்கையை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டாலும் பொறுப்பு உண்டு. பில் கொடுக்க மறுப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகம் என்று அச்சட்டம் சொல்கிறது.

பெயரில்லாத இயர்போனைப் பையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும் ஆளிடம் வாங்கித் தொங்கவிட்டால், சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது நம் கடைப் பலகை ஒன்றுதான்.

கொள்முதலுக்கு முன் கேட்க வேண்டியவை

ஐபாட் பேரேட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய கேள்விகள் ஆறு.

1. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண் ஆகியவை பெட்டியின் மேல் இருக்கின்றனவா?

2. பவர் பேங்க், சார்ஜர், ஒயர் இல்லாத இயர்போன், புளூடூத் ஸ்பீக்கர் போன்றவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா? அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

3. பேட்டரி மாற்றக்கூடியதா? இல்லையென்றால் எத்தனை நாள் உத்தரவாதம்? உத்தரவாதம் பொருளுக்கு மட்டுமா, பேட்டரிக்கும் சேர்த்தா?

4. இந்தப் பொருள் வேறு பொருளைச் சார்ந்ததா? சொருகி மாறினால் என்ன ஆகும்?

5. விற்காமல் நின்றால் மொத்த வியாபாரி திரும்ப எடுத்துக்கொள்வாரா? எழுத்தில் தருவாரா?

6. பழுது என்று வாடிக்கையாளர் வந்தால் மாற்றிக் கொடுப்பது யார் செலவில்?

ஆறுக்கும் பதில் தெரியாவிட்டால், லாபம் எவ்வளவு இருந்தாலும் அந்தச் சரக்கை விட்டுவிடுவதே நல்லது. பதில் தெரிந்த சரக்கையும் பத்துப் பத்தாக வாங்குங்கள். நூறு நூறாக வாங்கினால் கழிவு அதிகம் கிடைக்கிறது என்று ஆசைப்பட வேண்டாம். பேட்டரி உள்ள பொருளை வெயில் படும் முகப்பில் தொங்கவிடாதீர்கள். உப்பிய பேட்டரி தென்பட்டால் உடனே தனியாக எடுத்து வையுங்கள். எந்தக் காரணம் கொண்டும் விற்காதீர்கள்.

கடைசியாக ஒரு கணக்கு

மாதம் 4,000 ரூபாய்க்கு நம்மிடம் மளிகை வாங்கும் ஒரு குடும்பம், 300 ரூபாய்க்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நமக்கு 80 ரூபாய் லாபம். இரண்டு மாதத்தில் அது கெட்டுப்போகிறது. "நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று நாம் கையை விரிக்கிறோம். அந்தக் குடும்பம் சண்டை போடாது. அடுத்த மாதச் சாமான் பட்டியலை வேறு கடையில் கொடுத்துவிடும். 80 ரூபாய்க்காக வருஷத்துக்கு 48,000 ரூபாய் வியாபாரத்தை இழந்தோம்.

அதே ஸ்பீக்கரை விற்கும்போது, "இது மூன்று மணி நேரம்தான் பாடும், பேட்டரி மாற்ற முடியாது, மூன்று மாதத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று நிறையோடு குறையையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். அவர் வாங்காமல் போயிருப்பார்; 80 ரூபாயோடு போயிற்று. அல்லது தெரிந்தே வாங்கியிருப்பார். கெட்டாலும் நம்மைக் குறை சொல்ல மாட்டார்.

மூட்டையை எடை போடும்போது சாக்கு எடையைக் கழித்துத்தானே நாம் நிகர எடை சொல்கிறோம்? பாட்டுப் பெட்டிக்கும் அதுவே முறை. உலகப் பெரும் நிறுவனம் செய்த சரக்கிலும் சாக்கு எடை இருந்ததைப் பார்த்தோம். நம் கம்பியில் தொங்கும் சரக்கில் எவ்வளவு என்று முதலில் நாம் தெரிந்துகொள்வோம். பிறகு வாடிக்கையாளருக்கும் சொல்வோம்.